காதிலா, காற்றிலா என்று கேட்ட மாதம்மாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் இருக்கும். என் கைப்பேசியில் மாதம்மாளின் பெயர் ஒளிர்ந்தது. அன்று அவர் இன்னும் அலுவலகம் வந்திருக்கவில்லை. இண்டூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், வழியில் ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்து, "சொல்லுங்க மாதம்மா, வண்டி பஞ்சரா?" என்றேன்.

பதில் சொன்னது மாதம்மாள் அல்ல. ஓர் ஆண் குரல்.

"சார், நான் பெருமாளுங்க. மாதம்மா வூட்டுக்காரன். காலைல தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே கீழ வுழுந்துட்டா சார். தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சுடுச்சுன்னாங்க. தருமபுரி கொண்டாந்து சேத்தோம். இப்பத்தான்... முடிஞ்சு போச்சுங்க."

மாதம்மாளுக்கு முப்பத்தொன்பது வயது. அவருடைய மேசையில் அன்று செய்யவேண்டிய வேலைகளை முந்தின நாளே எழுதிவைத்த தாள் இருந்தது. முதல் வரியில் என் பெயரும் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும். என்ன கேட்க நினைத்தார் என்று இனி தெரியப்போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் மலை கிராமங்களில் வேலை செய்கிற செவிலியர்கள். நீங்கள் மாதம்மாளைப் பார்த்ததில்லை. அவர் குரலை மட்டும் அறிவீர்கள். மற்ற பாதிப்பேர் தருமபுரியில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவரோடு சண்டை போட்டவர்கள். இரண்டு தரப்பாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாதம்மாள் ஏரியூர்ப் பக்கத்துப் பெண். பத்து வருடம் பெங்களூரில் ஒரு கால்சென்டரில் வேலை பார்த்தார். அங்கே அவருக்கு வேறொரு பெயர் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழைகிற பெயர். அந்த வேலையில் இருந்துகொண்டே கணினி நிரல் எழுதப் படித்தார். இண்டூரில் மரவள்ளி போடுகிற பெருமாளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியதும் எங்களிடம் வேலை கேட்டு வந்தார். மேசைக்குப் பெயர்ப்பலகை அடித்தபோது, "எம். மாதம்மாள்னு போடலாமா, சுருக்கமா மாதுன்னு போடலாமா?" என்று கேட்டேன்.

"முழுசாவே போடுங்க சார். பத்து வருசம் இன்னொருத்தி பேர்ல பேசியாச்சு. இனிமே நான் பேசறன்" என்றார்.

வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலைக்குத்தான் அவரை எடுத்தோம். நிரல் எழுதுகிறவர்கள் பக்கம் அவரைக் கொண்டுவந்தது ஓர் அறக்கட்டளையின் வேலை. சித்தேரி மலைப் பக்கத்துச் சில ஊர்களில் அவர்கள் சிறிய மருத்துவ அறைகள் நடத்தி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியர், ஒரு கணினி, எப்படியோ இழுத்துவந்த ஓர் இணைய இணைப்பு. கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள். அங்கிருக்கும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கீழே இருக்கும் டாக்டரிடம் பேச முடியவேண்டும். இதுதான் அவர்கள் கேட்டது.

குரலைக் கடத்தும் நிரலை யாரும் அடியிலிருந்து எழுதுவதில்லை. அந்த வேலையை ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் நிரல் தொகுப்புகள் உண்டு, லைப்ரரி என்போம். அதை எடுத்து நம் செயலிக்குள் பொருத்திக்கொள்ள வேண்டும். நாங்கள் எடுத்த லைப்ரரியின் வழிகாட்டிப் பக்கம், பத்தே நிமிடத்தில் முதல் அழைப்பைச் செய்துவிடலாம் என்று உற்சாகமாக ஆரம்பித்தது. எங்களுக்கு நான்கு நாளானது.

முதல் நாள் நான் அவசரப்பட்டேன். அந்தச் சேவைக்குள் நுழைவதற்கான ரகசியக் குறியீட்டை அப்படியே செயலிக்குள் எழுதிவைத்து ஓட்டிப் பார்த்தேன். மாதம்மாள் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இந்தச் செயலி பத்து ஊருக்குப் போவுமே சார். போற எடத்துக்கெல்லாம் சாவியும் கூடவே போவுதே. வூட்டப் பூட்டிட்டு சாவியப் பூட்டுலயே வுட்டுட்டுப் போற மாதிரி இருக்குது."

அன்று மாலைக்குள் அவரே எங்கள் அலுவலகக் கணினியில் ஓடுகிற ஒரு சின்ன சர்வர் நிரலை எழுதினார். சாவி அதனிடம் இருக்கும். செயலி ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுகிற ஒரு டோக்கனை வாங்கிக்கொள்ளும். வழிகாட்டியின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அதுவும் சொல்லியிருந்தது. நான் அதுவரை படித்திருக்கவில்லை.

நான்காம் நாள் என் மேசையிலிருந்து அவர் மேசைக்கு அழைத்தேன். நடுவில் பத்தடி. மணி அடித்தது, எடுத்தார், "ஹலோ" என்றார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கையைத் தட்டிவிட்டேன். மாதம்மாள் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

"காதுல கேட்டுச்சா சார், காத்துல கேட்டுச்சா?"

அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் அங்கிருந்து அழைத்தார். எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஹெட்செட்டின் மைக் இருக்க, செயலி வேறெங்கோ செத்துக்கிடந்த ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டதெல்லாம் அறைக்குள் காற்றில் வந்த குரல். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் யார் எதை முடித்துவிட்டேன் என்றாலும் இந்தக் கேள்வி வரும்: காதிலா, காற்றிலா?

அவரோடு வேலை செய்வது சுலபமாக இருந்தது என்று சொன்னால் அவரே சிரிப்பார். பாராட்ட மாட்டார். பாதிப் பேச்சில் வெட்டுவார். மைக்கில் மின்விசிறிச் சத்தம் விழுகிறது என்று ஒரு சித்திரை மாதம் முழுக்க ஃபேனை நிறுத்திவைத்தார். அந்த வெயிலில் எங்கள் ஆறு பேரையும் சட்டை நனைய உட்காரவைத்த பாவம் அவருக்கு உண்டு. "மலைலருந்து பேசறத டாக்டர் கேக்கும்போது ஃபேன் சுத்தறதும் கேக்கணுமா?" என்பார். மலையில் ஃபேனே இல்லையே என்று ஒருவர் முனகினார். "அப்ப அங்க என்ன சத்தம் இருக்குதுன்னு போய்ப் பாத்துட்டு வர்றன்" என்று சொல்லிவிட்டு மறுநாளே பஸ் ஏறினார்.

இரண்டு நாள் அங்கே தங்கினார். செவிலியர் ஜெயந்தியின் அறையில் உட்கார்ந்து, தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம், வாசலில் கோழி கத்துவது, பக்கத்து வீட்டில் மாவு அரைப்பது எல்லாவற்றையும் பதிந்துகொண்டு வந்தார். அதோடு ஒரு நோட்டில் சில எண்களும். டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கோவிந்தன். மற்ற இருவரும் கீழே இறங்கினால்தான் கிடைப்பார்கள்; கோவிந்தனுக்கு மட்டும் ஏற்றத்தில் கடைசி வளைவு தாண்டும்வரை சிக்னல் இருக்குமாம்.

"நாம செயலி எழுதறது பஸ் கண்டக்டருக்குப் போன் பண்ற அவசியமே வரக்கூடாதுன்னுதானே?" என்று கேலி செய்தேன்.

"இருக்கட்டுங்க சார். நம்பர் என்ன சோறா கேக்குது?" என்றார்.

இனி சொல்லப்போவதை நான் எங்கும் எழுதியதில்லை. அவர் இருந்தவரை, "அதப் பெருசு பண்ணாதீங்க" என்பார்.

செயலி முடிந்தது. சோதனை ஓட்டமாக மலையில் வைத்துப் பத்து நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. பெரியவர்கள் வருவதாக இருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று புதன்கிழமை நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாதம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

ஒவ்வொரு அழைப்பும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் இருந்தது என்று செயலி தானாகவே எழுதிவைக்கும். தினமும் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படிப்பது அவர் வழக்கம். அன்று ஒரு வரியில் விரலை வைத்திருந்தார். ஜெயந்தியின் அறையிலிருந்து கீழே ஓர் அழைப்பு. நீளம் ஆறு நிமிடம். மலைப் பக்கத்து ஒலி அளவு பூஜ்யம்.

"யாராவது தெரியாம அழுத்தியிருப்பாங்க" என்றேன்.

"இல்லீங்க சார். வேலை இல்லாதவன் அரை நிமிசத்துல வெச்சுடுவான். ஆறு நிமிசம் ஒருத்தர் வெச்சுக்கிட்டு இருந்தார்னா, என்னமோ சொல்லியிருக்கறாரு."

பத்து வருடம் முகம் தெரியாதவர்களின் கோபத்தையும் தயக்கத்தையும் காதில் வாங்கியவரின் பேச்சு அது. நான் வாதாடவில்லை. கீழே டாக்டரின் உதவியாளரைக் கேட்டோம். "ஒரு கால் வந்துச்சு. ஹலோ ஹலோன்னு சொன்னேன், யாரும் பேசல. அடுத்த பேஷண்ட் வந்துட்டாங்க, ஹெட்செட்ட அப்படியே வெச்சுட்டுப் போயிட்டேன்" என்றார். மலை அறைக்குத் திரும்ப அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஜெயந்தி அன்று தடுப்பூசி போட வேறு ஊருக்குப் போயிருந்தார். அவர் கைப்பேசி கிடைக்கவில்லை. யாரேனும் அவசரமென்று வந்தால் பொத்தானை அழுத்தலாம் என்று அறையைத் திறந்தே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

மாதம்மாள் நோட்டை எடுத்தார். கண்டக்டர் கோவிந்தனுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, இண்டூர் மாதம்மா பேசறங்க. போன மாசம் உங்க பஸ்ல வந்தனே. இப்ப எங்க இருக்கறீங்க? ... வளைவுக்கு முன்னாடியா? நல்லதாப் போச்சு. ஊர்ல எறங்குனதும் காலைல நர்சு ரூம்ல யாரு போன் பேசுனாங்கன்னு கேளுங்க. அவங்களக் கையோட அங்க கூட்டிட்டுப் போங்க. நான் கூப்புடறன். பச்சைப் பொத்தான அழுத்துனாப் போதும்."

அரை மணி நேரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. மாதம்மாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தார். ஏழாவது முறை அந்தப் பக்கம் எடுத்தார்கள். ஆனால் குரல் வரவில்லை. முன்பு நடந்ததுதான் இப்போதும் நடக்கிறது என்று புரிந்தது: அவர்கள் பேசுவது எங்களுக்கு வராது, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் போகும். மாதம்மாள் அதையே பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நீங்க பேசறது எனக்குக் கேக்கல. நான் பேசறது உங்களுக்குக் கேக்குது. பதில் சொல்ல வேணாம், நான் சொல்றத மட்டும் செய்யுங்க. காதுல மாட்டியிருக்கறதோட வயரு பொட்டில சொருவியிருக்கும். அதப் புடுங்குங்க. மறுபடி அழுத்திச் சொருவுங்க. இப்ப திரைல மேல வலது மூலைல பெருக்கல் குறி இருக்கும். அத அழுத்துனா நான் போயிடுவன். பயப்படாதீங்க. மறுபடி திரைல இருக்கற போன் படத்த ரெண்டு தட்டுத் தட்டித் தெறங்க. நானே கூப்புடறன்."

எதிரில் ஆள் உட்கார்ந்து செய்வதைப் பார்ப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினார். இணைப்பு அறுந்தது. இரண்டு நிமிடம் கழித்து அழைத்தார். இம்முறை கோழி கத்துவது கேட்டது. அப்புறம் கோவிந்தன்: "யம்மா, கேக்குதா?"

அவருக்குப் பக்கத்தில் வெள்ளையன் என்ற விவசாயி இருந்தார். காலையில் பேசியவர் அவர்தான். மனைவிக்கு எட்டு மாதம். இரண்டு நாளாகத் தலைவலி, காலும் முகமும் வீக்கம், அன்று காலையில் கண் மங்கலாகத் தெரிகிறதென்றார். இதையெல்லாம் ஆறு நிமிடம் நிதானமாகச் சொல்லியிருக்கிறார், யாருமற்ற ஹெட்செட்டிடம்.

"ஹலோன்னு கொரலு வந்துச்சுங்க. அப்புறம் பேச்சு இல்ல. டாக்டரம்மா பேசாம கேட்டுக்கிட்டு இருக்கறாங்கன்னு நெனச்சனுங்க. எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, மருந்து அனுப்புவாங்கன்னு வூட்டுக்குப் போயிட்டன்."

மாதம்மாள் அழைப்பை அப்படியே டாக்டருக்கு மாற்றினார். டாக்டர் நான்கே கேள்விதான் கேட்டார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், தாமதித்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று உடனே கீழே கொண்டுவரச் சொன்னார். கோவிந்தனின் பஸ் நேரம் பார்க்காமல் திரும்பியது. அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அன்று மாலையே அறுவைச் சிகிச்சை. பெண் குழந்தை, மிகச் சிறியது. சில வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, தாயோடு நலமாக மலை ஏறியது.

தவறு என்னுடையது. செயலி திறக்கும்போது எந்த மைக் இருக்கிறதென்று ஒரே ஒரு தடவை பார்த்து, அதையே பிடித்துக்கொள்ளும்படி எழுதியவன் நான். இடையில் யாராவது வயரைக் கழற்றி மறுபடி மாட்டினாலும் திரும்பிப் பார்க்காது. திரையில் மட்டும் 'இணைக்கப்பட்டது' என்று பச்சையில் காட்டிக்கொண்டிருக்கும்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வெள்ளிக்கிழமை விழாவை நடத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். மாதம்மாள் என்னைத் திட்டவில்லை. "சார், அந்தாளு ஆறு நிமிசம் நம்மள நம்பிப் பேசியிருக்கறாரு" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இருவரும் அறக்கட்டளைக்குப் போனோம். நடந்ததை நானே சொன்னேன். விழா தள்ளிப்போனது. அங்கே ஒருவர் கோபப்பட்டார். மாதம்மாள் கடைசிவரை கேட்டுக்கொண்டு, "மூனு வாரம் குடுங்க" என்றார்.

அந்த மூன்று வாரத்தில் செய்த வேலைதான் இன்று நீங்கள் பயன்படுத்துவது. 'இணைக்கப்பட்டது' என்ற சொல்லை அவர் தூக்கிவிட்டார். அதற்குப் பதில் இரண்டு வரிகள்: 'நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது.' 'அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது.' இரண்டும் தனித்தனியாக எரியும். பத்து வினாடி குரல் போகவில்லையென்றால் செயலியே வாய்விட்டுச் சொல்லும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கென்று, இந்த லைப்ரரியை எப்படித் தொடங்குவது என ஒரு வழிகாட்டியும் தமிழில் எழுதினார். அதன் முதல் வரி: "முதல் அழைப்பை உங்களுக்குத் தெரிந்தவருக்குச் செய்யாதீர்கள். தெரிந்தவர் பாதி கேட்டாலே மீதியைப் புரிந்துகொள்வார்." இப்படி ஒரு வரியை நான் எந்த வழிகாட்டியிலும் படித்ததில்லை.

இண்டூரில் அடக்கத்துக்கு வெள்ளையனும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஜெயந்தி சொல்லித் தெரிந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்ததாகச் சொன்னார்கள். அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாதம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "கொரலுதானுங்க தெரியும். இன்னைக்குத்தான் பாக்கறன்" என்று வெள்ளையன் என்னிடம் சொன்னார்.

பத்தாம் நாள் பெருமாள் அலுவலகத்துக்கு வந்தார். மாதம்மாள் குரல் எதிலாவது இருக்குமா என்று கேட்டார். நூற்றுக்கணக்கில் இருந்தன. பெரும்பாலும் "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று எண்ணும் சோதனைப் பதிவுகள். எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். "ஒன்னுல, 'அந்த ஃபேன நிறுத்துங்கய்யா'ன்னு திட்டறா சார். எம் பொண்ணு அதையேதான் திரும்பத் திரும்பப் போடச் சொல்றா" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். தன் வீட்டில் மாதம்மாள் இன்னும் ஆட்களை அதட்டிக்கொண்டிருப்பது சரியாகத்தான் பட்டது.

போன வாரம் செயலியின் அடுத்த பதிப்பு தயாரானது. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, அனுப்பிவிடலாமா என்று கேட்டார்கள். என் கையெழுத்து மட்டும் பாக்கி. மறுநாள் விடிகாலை பஸ் ஏறினேன். நான் அந்த மலைக்குப் போனது அதுவே முதல் தடவை. மூன்று வருடமாக அவர்களுக்காகச் செயலி எழுதுகிறேன். ஜெயந்தியின் அறையில் நோயாளிகள் உட்காரும் மர ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஹெட்செட் என் தலைக்குக் கொஞ்சம் பெரிது. திரை நான் நினைத்திருந்ததைவிட உயரத்தில் இருந்தது. குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்குப் பொத்தான் எட்டாது என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு, கீழே எனக்கு அறிமுகமில்லாத ஒரு புது டாக்டரை அழைத்துப் பேசினேன். மாலையில் இறங்கிவந்து பொத்தானை மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் தாமதமானது. பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மாதம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இது. என் நாற்காலியில் உட்கார்ந்தபடி இனி எதையும் சரியென்று சொல்லமாட்டேன்.